தெருவோரத்தை நிமிடக் கணக்கில் பங்கிடுங்கள்

“ரெண்டே நிமிஷம் சார், இப்ப எடுத்துடறேன்.” பெங்களூரின் பிரேசர் டவுனில் ஒரு நாளில் அதிகம் சொல்லப்படும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். காலையில் மைதா மூட்டையோடு வரும் குட்டி யானை டிரைவர் சொல்கிறார். பகலில் கூரியர் வேன்காரர் சொல்கிறார். பொழுது சாய்ந்ததும் பிரியாணிப் பொட்டலத்துக்காக ஓட்டல் வாசலில் வண்டியைச் சாய்த்து நிறுத்தும் இளைஞர் சொல்கிறார். அவருக்குப் பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. பாட்டி ஒருவர் நடைபாதையை விட்டு நடுரோட்டில் இறங்கி நடக்கிறார்.

மாஸ்க் ரோடு, எம்.எம். ரோடு, கோல்ஸ் ரோடு, வீலர் ரோடு எங்கும் இதே கதைதான். கடைக்காரரைக் கேட்டால், “லோடு இறக்க இடமில்லை” என்பார். குடியிருப்பவரைக் கேட்டால், “என் வீட்டு கேட்டைத் திறக்க முடியவில்லை” என்பார். டெலிவரி செய்பவரோ, “நான் எங்கே சார் நிறுத்துவேன்?” என்று திருப்பிக் கேட்பார். மூவர் சொல்வதும் உண்மை. மூவரும் ஒரே ஆறு மீட்டர் சாலையோரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

அந்த ஆறு மீட்டரை நீளமாக்க யாராலும் முடியாது. ஆனால் அதற்கு ஒரு நாளில் 1,440 நிமிடங்கள் உண்டு. அவற்றைச் சரியாகப் பங்கிட்டால் ரோட்டை அகலப்படுத்தாமல், ஒரு மரத்தைக்கூட வெட்டாமல், நெரிசலில் பெரும்பகுதியைக் குறைக்கலாம். வணிகர்களும் குடியிருப்போர் சங்கமும் சேர்ந்து அதை எப்படிச் செய்வது என்பதற்கான ஆலோசனை இது.

இந்தத் தெருக்கள் எதற்காகப் போடப்பட்டவை?

1898-இல் பெங்களூரைப் பிளேக் தாக்கியது. அதன் பிறகு, நெருக்கமான பழைய குடியிருப்புகளிலிருந்து மக்களை வெளியே கொண்டுவர கண்டோன்மென்ட் நகராட்சி உருவாக்கிய விரிவாக்கப் பகுதிதான் பிரேசர் டவுன். மைசூர் ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைத் தாங்கியது. வடிவமைத்த பொறியாளர் ஜே.எச். ஸ்டீபன்ஸின் பெயர் ஸ்டீபன்ஸ் ரோட்டில் இன்னும் இருக்கிறது. நேர்கோட்டுத் தெருக்கள், வீட்டுக்கு வீடு காற்றும் வெளிச்சமும் என்று எல்லாமே நோய் அண்டாதிருக்க நினைத்துப் போடப்பட்டவை.

மாட்டு வண்டியும் ஜட்காவும் ஓடிய காலத்துக்கு அந்த அகலம் தாராளம். இன்று அதே அகலத்தில் பேக்கரியும் கபாப் கடையும் மருந்துக் கடையும் அடுக்குமாடியும் பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் நிற்கின்றன. பிக் பாஸ்கெட்டும் ஸ்விக்கியும் பிறந்த ஊர் என்பதால் வீட்டு வாசலுக்குச் சாமான் வரவழைக்கும் பழக்கமும் இங்கே சீக்கிரமே வேர்விட்டது. இடம் தேடிச் சுற்றும் வண்டியும், அணைக்காத எஞ்சினோடு இரட்டை வரிசையில் நிற்கும் வண்டியும் விடும் புகை நேராகப் போவது நல்ல காற்றுக்காக வைத்த அந்த வீட்டு ஜன்னல்களுக்குள்தான். ஆரோக்கியத்துக்காகப் போட்ட தெருவை ஆரோக்கியமாக வைத்திருக்க வேண்டும் என்றால் பேச்சைச் சாலையோரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் வேலை: எண்ணுங்கள்

சங்கக் கூட்டங்களில் பார்க்கிங் பேச்சு எடுத்தால் அரை மணியில் சண்டையாகிவிடும். எல்லோரிடமும் கருத்து இருக்கும், யாரிடமும் எண்ணிக்கை இருக்காது. ஆகவே கூட்டம் போடுவதற்கு முன்பு கணக்கெடுங்கள்.

உங்கள் தெருவில் மிக மோசமான 100 மீட்டரைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு கல்லூரி மாணவர்களை ஒரு நோட்டோடு உட்கார வையுங்கள். காலை 6 மணி முதல் இரவு 11 வரை ஓரத்தில் நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் நான்கு விவரம் போதும்: என்ன வண்டி, எப்போது வந்தது, எப்போது போனது, எதற்காக நின்றது. வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் இருந்தால் யார் எவ்வளவு நேரம் நின்றார் என்று சேர்த்துப் பார்க்கலாம். கணக்கு முடிந்ததும் அதை அழித்துவிடலாம்.

ஒரு சாதாரண வார நாள், ஒரு வெள்ளி, ஒரு சனி என்று மூன்று நாள் எடுங்கள். ஜும்ஆ தொழுகை நேரத்தில் மாஸ்க் ரோட்டின் ஓரம் வேறு கதை சொல்லும். சனிக்கிழமை இரவு இன்னொரு கதை. ரமலான் மாதத்தை இதில் கலக்காதீர்கள். அதற்குத் தனித் திட்டம் வேண்டும், பின்னால் சொல்கிறேன்.

கணக்கெடுத்து முடிந்ததும் எதற்காக நின்றது என்பதைப் பார்த்து ஐந்தாகப் பிரியுங்கள்: சரக்கு இறக்கம், பார்சல் எடுப்பது அல்லது கொடுப்பது, வாடிக்கையாளர், ஆள் ஏற்றி இறக்கும் ஆட்டோவும் டாக்சியும், நாள் முழுக்க நிற்கும் வண்டி. இந்த ஐந்தாவது வகையில் கடை முதலாளிகளின் கார்களும் ஊழியர்களின் ஸ்கூட்டர்களும் எத்தனை என்று தனியாக எழுதுங்கள். “வாடிக்கையாளருக்கு இடமில்லை” என்று புகார் சொல்பவரின் வண்டியே அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது பல கடைத்தெருக்களில் தெரியவரும்.

காலை 10 முதல் இரவு 9 வரை ஒரே இடத்தில் நிற்கும் ஒரு கார் 660 நிமிடத்தை எடுத்துக்கொள்கிறது. பயன் ஒருவருக்கு. அதே இடத்தில் 15 நிமிடம் நின்று சரக்கு இறக்கும் வண்டிகள் வந்தால், இடைவெளியே இல்லாமல் 44 வண்டி நிற்கலாம். பாதி நேரம் காலியாகக் கிடந்தாலும் 22 வண்டி. இந்த ஒரு கணக்கைக் கூட்டத்தில் வைத்தால் பேச்சின் தொனியே மாறும்.

எத்தனை இடம் வேண்டும்? ஒரு சின்னச் சூத்திரம்

ஒரு மணி நேரத்தில் வரும் சரக்கு வண்டிகளின் எண்ணிக்கையை, ஒவ்வொன்றும் நிற்கும் நிமிடத்தால் பெருக்குங்கள். வந்ததை 60-ஆல் வகுங்கள். மணிக்கு 8 வண்டி, ஒவ்வொன்றும் 15 நிமிடம் என்றால் விடை 2. எந்த நேரத்திலும் சராசரியாக இரண்டு வண்டிகளுக்கு இடம் தேவை.

இரண்டு கட்டம் வரைந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். வண்டிகள் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையாக வருவதில்லை. சில நேரம் மூன்று சேர்ந்து வரும், சில நேரம் ஒன்றும் வராது. தொலைபேசி இணைப்பகங்களுக்குப் பயன்படுத்தும் பழைய வாய்ப்பாட்டை வைத்துப் பார்த்தால், இரண்டு இடம் மட்டும் இருந்தால் வரும் வண்டிகளில் ஐந்தில் இரண்டுக்கு இடம் கிடைக்காது. மூன்று இருந்தால் ஐந்தில் ஒன்றுக்கு. நான்கு இருந்தால் பத்தில் ஒன்றுக்கு. இடம் கிடைக்காத வண்டிதான் இரட்டை வரிசையில் நிற்கும்.

இதே கணக்கை நின்ற நேரத்தை 15-லிருந்து 10 நிமிடமாகக் குறைத்துப் போட்டுப் பாருங்கள். இப்போது மூன்று இடம் இருந்தாலே பத்தில் ஒன்றுக்குத்தான் இடம் கிடைக்காமல் போகிறது. அதாவது ஒவ்வொரு வண்டியும் ஐந்து நிமிடம் சீக்கிரம் கிளம்பினால் ஓர் இடமே மிச்சம். பிரேசர் டவுனில் ஆறு மீட்டர் சாலையோரத்தை வேறு எந்த வழியிலும் இவ்வளவு மலிவாக வாங்க முடியாது.

ஐந்து நிமிடத்தை எங்கே பிடிப்பது?

சரக்கு வண்டி 15 நிமிடம் நிற்கிறது என்றால் அத்தனை நேரமும் மூட்டை இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தமில்லை. கடை இன்னும் திறக்கவில்லை. பில்லில் கையெழுத்துப் போட முதலாளி டீ குடிக்கப் போயிருக்கிறார். பணத்தை எண்ணித் தர கல்லாவில் ஆள் இல்லை. போன வாரத்துக் காலி டிரே எங்கோ பின்கட்டில் கிடக்கிறது. வண்டி நிற்பதற்கு இவைதான் பெரும்பாலும் காரணம். எனவே கடைக்காரர்களுக்கு:

சரக்கை வாங்க ஒருவரை நியமியுங்கள். வண்டி வரும் நேரத்தில் அவருக்கு வேறு வேலை கூடாது. பில்லும் பணமும் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். கையெழுத்து போடும் அதிகாரமும் அவருக்கே இருக்கட்டும்.

காலி டிரே, காலி சிலிண்டர், தண்ணீர் கேன் எல்லாம் வண்டி வருவதற்கு முன்பே வாசலுக்குள் அடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

நாலைந்து கடைகள் சேர்ந்து ரப்பர் சக்கரம் வைத்த ஒரு தள்ளுவண்டி வாங்குங்கள். ஐம்பது கிலோ மூட்டையைத் தோளில் சுமக்கும் லோடுமேன், வண்டி வாசலிலேயே நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது நியாயம். தள்ளுவண்டி இருந்தால் 40 மீட்டர் தள்ளி நிறுத்தச் சொல்லலாம். நடைபாதை ஏற ஒரு சரிவு மேடை இல்லாவிட்டால் அந்தத் தள்ளுவண்டி ஷோகேஸ் பொருள்தான், சரிவை மறக்காதீர்கள். அதே சரிவு சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் உதவும்.

டிஸ்ட்ரிபியூட்டர்களிடம் பீட் நாளை, அதாவது உங்கள் தெருவுக்கு வரும் முறை நாளை, மாற்றச் சொல்லிக் கேளுங்கள். பிஸ்கட், சோப்பு, குளிர்பானம், ஐஸ்கிரீம் எல்லாருமே செவ்வாய் காலை 11 மணிக்கு வந்தால் ரோடு தாங்காது. ஒரு கடை கேட்டால் மறுப்பார்கள். இருபது கடை சேர்ந்து ஒரு தாளில் கேட்டால் யோசிப்பார்கள்.

எங்கே வரைவது?

ஒரு சரக்குக் கட்டத்துக்கு ஆறு மீட்டர் நீளம் வையுங்கள். குட்டி யானை என்று நாம் அழைக்கும் டாடா ஏஸ் 3.8 மீட்டர்தான், ஆனால் முன்னும் பின்னும் வண்டி நிற்கும்போது ஒரே திருப்பலில் உள்ளே நுழையவும், பின்கதவைத் திறந்து ஆள் நின்று இறக்கவும் மீதி தேவை. இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று நான்கரை மீட்டரில் வரைந்தால் டிரைவர் சாய்த்து நிறுத்துவார். வால் ரோட்டில் நீட்டிக்கொண்டிருக்கும்.

முச்சந்திக்கு ஒட்டி வரையாதீர்கள். மாஸ்க் ரோட்டில் திரும்பும் வண்டி தெருமுனையில் ஒரு வேனைக் கண்டு நின்றால் பின்னால் எல்லாமே நிற்கும். பஸ் நிறுத்தம், பாதசாரிக் கோடு, மருத்துவமனை வாசல், வீட்டு கேட் ஆகியவற்றுக்கு முன்பும் கூடாது. கடைத்தெருவிலிருந்து பிரியும் குறுக்குத் தெருவின் உள்ளே, முதல் வீட்டு கேட்டுக்கு முன்னால் கிடைக்கும் பக்கச் சுவர் நீளம் பெரும்பாலும் நல்ல இடம். அங்கே கேட்டும் இல்லை, பஸ்ஸும் இல்லை.

மேலேயும் பாருங்கள். நம் பக்கத்து மரங்களின் தாழ்ந்த கிளை உயரமான கூண்டு கட்டிய வேனை இடிக்கும் இடத்தில் கட்டம் வரைந்தால், அடுத்த வாரமே யாராவது கிளையை வெட்டச் சொல்லி மனு கொடுப்பார். மரம் இருக்கும் இடத்தை டூ வீலருக்கு விடுங்கள். நிழலும் அவர்களுக்குத்தான் தேவை.

கீழேயும் பாருங்கள். பெங்களூரில் நடைபாதை என்பது பல இடங்களில் மழைநீர்க் கால்வாயின் மூடிதான். லோடு வேனின் ஒரு சக்கரம் அதன் மேல் ஏறினால் ஸ்லாப் விரியும். அடுத்த மழையில் யாராவது அதில் காலை விடுவார். சரக்குக் கட்டம் வண்டி ஓடும் தளத்தில் மட்டுமே இருக்க வேண்டும். நடைபாதையில் வண்டி நிறுத்துவது மோட்டார் வாகன விதிகளின்படியும் குற்றம். தடுக்க இரும்புத் தூண் நட்டால் சக்கர நாற்காலி நுழையும் இடைவெளியை அளந்து விடுங்கள்.

கண்டோன்மென்ட் பகுதிப் பழைய தெருக்களில், துப்புரவுக்காக வீடுகளின் பின்புறம் விடப்பட்ட கான்சர்வன்சி சந்துகள் உண்டு. உங்கள் தெருவுக்குப் பின்னால் அப்படி ஒன்று குப்பையோடும் உடைந்த கட்டிலோடும் கிடந்தால், அது மாநகராட்சிப் பதிவில் பொதுச் சந்துதானா என்று விசாரியுங்கள். சுத்தம் செய்து விளக்குப் போட்டால் சரக்குச் சைக்கிளும் தள்ளுவண்டியும் கடையின் பின்வாசலுக்கே போகும். முன்பக்கத்து ஓரத்துக்கு அந்த அளவுக்குப் பாரம் குறையும்.

ஒரு மாதிரி அட்டவணை

நான்கு கட்டம், மொத்தம் 24 மீட்டர் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டூ வீலரைக் குறுக்காக நிறுத்தினால் ஒரு கட்டத்தில் ஏழு நிற்கும். நாளை இப்படிப் பிரித்துப் பாருங்கள்:

காலை 6 – 8: நான்கு கட்டமும் சரக்குக்கு. மாவு, பால், காய்கறி, இறைச்சி.

காலை 8 – 9.30: பள்ளி நேரம். சரக்கு இறக்கம் இல்லை. ஆட்டோவும் பள்ளி வேனும் குழந்தைகளை இறக்கிவிட்டுப் போக மட்டும்.

காலை 9.30 – 12: நான்கும் சரக்குக்கு. டிஸ்ட்ரிபியூட்டர், கூரியர், கேஸ், தண்ணீர் கேன்.

பகல் 12 – 3: இரண்டு சரக்குக்கு, இரண்டு டூ வீலருக்கு. மதியச் சாப்பாட்டுப் பார்சல் நேரம். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் சரக்கு இறக்கம் நிறுத்தம்.

பிற்பகல் 3 – 6: மூன்று சரக்குக்கு, ஒன்று ஆட்டோ ஏற்றி இறக்க.

மாலை 6 – 11: மூன்று டூ வீலருக்கு, ஒன்று ஆட்டோவுக்கு. சரக்கு வேன் கிடையாது.

இரவு 11 – காலை 6: தெருவில் குடியிருப்பவர்களின் கார்களுக்கு.

கடைசி வரியைக் கவனித்தீர்களா? “எங்கள் பார்க்கிங்கைப் பிடுங்குகிறீர்கள்” என்று சொல்லும் குடியிருப்பாளருக்கு இரவு ஏழு மணி நேரத்தை இந்த அட்டவணை எழுத்தில் தருகிறது. இன்று அவருக்கு அந்த உறுதி கிடையாது.

காலை 6-க்கு முன்னால் சரக்கு இறக்கம் வைக்காததற்கும் காரணம் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை இரவு நேரம். குடியிருப்புப் பகுதியில் வரம்பு 45 டெசிபல். பேக்கரிக்குக் கட்டாயம் நாலரைக்கு மாவு வந்தாக வேண்டும் என்றால் மின்சார வண்டியில் வரட்டும், ஹாரனும் பாட்டும் இல்லாமல், ரப்பர் சக்கரத் தள்ளுவண்டியோடு.

பார்சல் கடைகளும் டெலிவரி இளைஞர்களும்

மாலையில் நெரிசலை உண்டாக்குவது வண்டிகள் வந்து போவதைவிட, காத்திருப்பது. உணவு தயாராகும் முன்பே ஆப் வண்டியை அனுப்பிவிடுகிறது. பத்து பேர் வாசலில் கூடுகிறார்கள். ஓட்டல்காரர் செய்யக்கூடியவை மூன்று. ஆர்டர் தயாராகும் நேரத்தை ஆப்பில் உண்மையாகப் போடுங்கள். பார்சல் ஜன்னலை முன்வாசலில் வைக்காமல் பக்கத் தெருவை ஒட்டி வையுங்கள். டோக்கன் எண்ணைத் திரையில் காட்டுங்கள். எண்ணைப் பார்த்துவிட்டுத் தூரத்தில் நிற்பவர் வந்தால் போதும்.

டெலிவரி நிறுவனங்களுக்குச் சங்கம் எழுதும் கடிதத்தில் கேட்க வேண்டியது: வரைபடத்தில் ‘எடுக்கும் இடம்’ ஓட்டல் கதவாக இல்லாமல் டூ வீலர் கட்டமாக மாற்றப்படட்டும், கட்டத்திலிருந்து நடக்கும் ஒரு நிமிடமும் சேர்த்தே நேரக் கணக்கு போடப்படட்டும். ஆப்பின் கடிகாரம் வண்டியை வாசலுக்கே துரத்தினால், அபராதச் சீட்டு வருவது அந்தப் பையன் பெயரில்தான், நிறுவனத்தின் பெயரில் இல்லை. கர்நாடகம் 2025-இல் செயலிவழித் தொழிலாளர்களுக்கென்றே சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியிருக்கிறது. அவர்கள் நிற்பதற்கு நிழலும், குடிக்கத் தண்ணீரும், போக ஒரு கழிப்பறையும் தருவது தெருவின் பொறுப்பு. அப்படிக் கிடைக்கும் இடத்தில்தான் அவர்களும் ஒழுங்காக நிற்பார்கள்.

வண்டி ஓட்டும் தம்பிகளுக்கும் ஒன்று. கட்டம் காலியாக இருக்கும்போது வாசலில் நிறுத்தினால், அடுத்த முறை கட்டமே வேண்டாம் என்று வாதிடுபவருக்கு நீங்கள் ஆதாரம் தருகிறீர்கள். சரிவு மேடை மேல் மட்டும் எந்த அவசரத்திலும் நிறுத்தாதீர்கள்.

அடுக்குமாடிக்காரர்கள் செய்ய வேண்டியது

டெலிவரியை வரவழைப்பது நாம். வந்த வண்டியை கேட்டுக்கு வெளியே நிறுத்தச் சொல்வதும் நாம். இது எந்த ஊர் நியாயம்? உள்ளே விருந்தினர் பார்க்கிங்கில் ஒரு கார் இடத்தை டெலிவரிக்கு ஒதுக்குங்கள். வாட்ச்மேன் மேசைக்குப் பக்கத்தில் பார்சல் அலமாரி வைத்தால், ஆறாவது மாடி வரை போய் வரும் நேரம் மிச்சம். வண்டி இரண்டு நிமிடத்தில் உண்மையாகவே கிளம்பும்.

கேட்டுக்கு எதிரே பொது ரோட்டில் பூந்தொட்டி, கருங்கல், கயிறு கட்டிய நாற்காலி வைப்பதை நிறுத்துங்கள். “நோ பார்க்கிங் – மீறினால் காற்று பிடுங்கப்படும்” என்று நாமே எழுதி மாட்டும் பலகைக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. கேட்டை மறிப்பது குற்றம்தான். ஆனால் கேட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ள ஓரம் ஊருக்குச் சொந்தம்.

மற்ற ஊர்கள் என்ன செய்தன?

தில்லியின் சாந்தினி சவுக் 2021-இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டபோது, முக்கியச் சாலையில் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிக்குத் தடை விதித்தார்கள். மொத்தவியாபாரத்தின் சரக்கு இரவுக்கு மாறியது. நம் தெருவுக்கு அதை அப்படியே எடுக்க முடியாது. அது கடைவீதி, இங்கே கடைக்கு மேல் ஆள் தூங்குகிறார். அதே ஆண்டு தில்லி அரசு, குறிப்பிட்ட சாலைகளில் நெரிசல் நேரத் தடையிலிருந்து மின்சாரச் சரக்கு வண்டிகளுக்கு விலக்கு அளித்தது. இது நமக்குப் பொருந்தும். மாலை 6-க்கு மேல் சரக்கு வேன் கூடாது என்ற விதியில் மின்சார மூன்று சக்கர வண்டிக்கு மட்டும் ஒரு கட்டத்தைத் திறந்துவிட்டால், டிஸ்ட்ரிபியூட்டர் மின்சாரத்துக்கு மாற உபதேசம் தேவையில்லை, நேரமே லாபமாகிவிடும்.

சென்னை பாண்டி பஜாரில் 2019-இல் நடைபாதையை அகலமாக்கி வண்டித்தடத்தைச் சுருக்கினார்கள். நடப்பவருக்குக் கிடைத்த சுகம் கண்கூடு. ரோட்டைச் சுருக்கும் எந்த ஊரும் லோடு இறக்கும் இடத்தையும் அதே வரைபடத்தில் குறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புதுக் கல் பதித்த நடைபாதையின் மேல் வேன் ஏறும்.

பார்சலோனாவில் சரக்குக் கட்டத்தில் நிறுத்தும் டிரைவர் கைபேசிச் செயலியில் பதிவு செய்ய வேண்டும். பொதுவாக அரை மணிதான் நேரம். அதில் கிடைக்கும் தகவல்தான் பெரிது: எந்தக் கட்டம் எப்போது நிரம்புகிறது என்று நகரத்துக்குத் தெரிகிறது. நமக்கு முதல் ஆண்டில் செயலி தேவையில்லை. வணிகர்கள் சேர்ந்து சம்பளம் தரும் ஒருவரும், அவர் கையில் ஒரு நோட்டும் போதும்.

யாரிடம் போவது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 115, 117-ஆம் பிரிவுகள் வண்டிகளைக் கட்டுப்படுத்தவும் நிறுத்துமிடங்களை வரையறுக்கவும் வழி செய்கின்றன. ஆகவே முதல் மனு இந்தப் பகுதிக்கான புலகேசிநகர் போக்குவரத்துக் காவல் நிலையத்துக்கு. கோடு போடுவதும் பலகை நடுவதும் சரிவு மேடை கட்டுவதும் மாநகராட்சியின் வேலை. 2025 செப்டம்பரில் பழைய பி.பி.எம்.பி. போய், கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டதால், உங்கள் தெரு எந்த மாநகராட்சியில், எந்தப் பொறியாளரின் கீழ் வருகிறது என்று முதலில் உறுதிசெய்து கொள்ளுங்கள். பழைய விலாசத்துக்குப் போன மனு பழைய கோப்பிலேயே தூங்கும்.

மனுவோடு மூன்று தாள் இணையுங்கள்: எண்ணிக்கைச் சுருக்கம், கட்டங்களைக் குறித்த வரைபடம், கடைக்காரர்களும் குடியிருப்பவர்களும் சேர்ந்து போட்ட கையெழுத்து. நகர்ப்புற நிலப் போக்குவரத்து இயக்ககம் தயாரித்து 2021-இல் ஒப்புதல் பெற்ற பார்க்கிங் கொள்கை, பகுதிவாரியாகத் திட்டம் போடச் சொல்கிறது. அதை மேற்கோள் காட்டுங்கள். நிரந்தர அனுமதி கேட்காதீர்கள், மூன்று மாதச் சோதனை என்று கேளுங்கள். நிரந்தரம் என்றால் அதிகாரிக்குப் பயம். சோதனை என்றால் கையெழுத்து எளிது.

பலகையில் கன்னடம் முதலில் வரட்டும். படமும் நேரமும் பெரிதாக இருக்கட்டும். கட்டத்துக்குள் தரையில் “சரக்கு – 15 நிமிடம்” என்று எழுதுங்கள். டோயிங்கை நம்பித் திட்டம் போடாதீர்கள். பெங்களூரில் அது 2022-இல் பொதுமக்கள் கோபத்தில் நிறுத்தப்பட்ட வரலாறு உண்டு. கட்டத்தில் கார் நின்றால் சங்கத்து ஆள் முதலில் மரியாதையாகச் சொல்லட்டும். கேட்காவிட்டால் படமெடுத்துப் போக்குவரத்துக் காவல்துறைக்கு அனுப்பட்டும். வாக்குவாதம் அவர் வேலை அல்ல.

ரமலானுக்குத் தனித் திட்டம்

நோன்பு மாத மாலைகளில் மாஸ்க் ரோட்டுக்கு ஊரே வருகிறது. தெருவோரக் கடைகள் வேண்டுமா என்பதில் குடியிருப்போருக்கும் வியாபாரிகளுக்கும் இழுபறி நடந்ததும் தெரிந்ததே. அந்தச் சர்ச்சையில் எந்தப் பக்கம் இருந்தாலும் சரக்கு வந்துதான் ஆக வேண்டும். அந்த மாதத்தில் எல்லாச் சரக்கும் பிற்பகல் 3-க்குள் முடியட்டும். 4 மணிக்கு மேல் மாஸ்க் ரோட்டின் கட்டங்கள் நடப்பவருக்கு. டூ வீலர்களைக் குறுக்குத் தெருக்களுக்கு மாற்றி, பார்சலைக் கையில் எடுத்து வந்து தர ஒவ்வொரு ஓட்டலும் இரண்டு பேரை வைக்கட்டும். ஆம்புலன்ஸ் போகும் தடத்தை மட்டும் எந்த இரவிலும் யாரும் தொடக்கூடாது. இதைப் பிறை பார்த்த பிறகு பேசினால் நடக்காது. ஒரு மாதம் முன்பே காவல் நிலையத்தில் எல்லாத் தரப்பும் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து

அதே 100 மீட்டர், அதே நோட்டு, அதே மூன்று நாள். நான்கு எண்களை மட்டும் ஒப்பிடுங்கள்: இரட்டை வரிசையில் நின்ற வண்டிகள் எத்தனை, சரக்கு வண்டி சராசரியாக எத்தனை நிமிடம் நின்றது, நடைபாதை மேல் ஏறிய வண்டிகள் எத்தனை, கட்டம் நிரம்பியிருந்ததால் வண்டி திரும்பிப் போன தடவைகள் எத்தனை.

நான்கும் குறைந்திருந்தால் அடுத்த தெருவுக்குப் போங்கள். நின்ற நேரம் குறையவில்லை என்றால் கோளாறு கடைக்குள் இருக்கிறது. சரக்கை வாங்கும் ஆளைப் பிடியுங்கள். நேரம் குறைந்தும் இரட்டை வரிசை போகவில்லை என்றால் கட்டம் தவறான இடத்தில் இருக்கிறது. அழித்துவிட்டு முப்பது மீட்டர் தள்ளி வரையுங்கள். கட்டம் காலியாகவே கிடந்தால் அந்த நேரத்தை வெட்கப்படாமல் வாடிக்கையாளருக்கோ குடியிருப்பவருக்கோ திருப்பிக் கொடுங்கள். மஞ்சள் பெயின்ட் டப்பாவின் விலை ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிடும் பில்லைத் தாண்டாது. அதனால் தவறிவிடுவோமோ என்று ஒரு வருடம் கூட்டம் போடுவதைவிட, ஒரு முறை வரைந்து பார்த்துத் திருத்துவது லாபம்.